பால் ஐயமும் மொழிபெயர்ப்புப் பொறியும்

முன்னுரை

தொலைவில் ஒருவர் தோன்றுகின்றார். அவர் ஆடவரோ மகளிரோ என்பது கண்ணுக்குப் புலப்படவில்லை. அந்நிலையில் அவரை எச்சொல்லாற் சுட்டுவது? இவ்வினா தமிழிலக்கண நூலார்க்குப் புதியதன்று. தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்திலேயே இதனை எடுத்துக்கொண்டு, பால் ஐயம் நிகழ்ந்தவழிப் பன்மையாற் கூறுக என விதி வகுத்துள்ளார். 'தோன்றுகின்றான்' என்றோ 'தோன்றுகின்றாள்' என்றோ துணிந்து கூறாது, 'தோன்றுகின்றார்' எனப் பலர்பாலாற் கூறுதல் அமையும் என்பது அவ்விதியின் கருத்தாகும். அறியாத ஒன்றை அறிந்தது போலக் கூறலாகாது என்னும் நேர்மை அவ்விதியின் உள்ளீடாக அமைந்திருத்தல் காணலாம்.

இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவுத் தொழிலில் இதே வினா மீண்டும் எழுந்துள்ளது. ஆனால், ஆங்குப் பொறி பெரும்பாலும் ஐயுறுவதில்லை. ஆண் என்றோ பெண் என்றோ துணிந்துவிடுகின்றது. அத்துணிவு எதனால் வருவது, அதனால் விளையும் தீங்கு யாது, தமிழ் பயில்வார்க்கு இதன்கண் உள்ள கடமை யாது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுதல் பொருத்தமாம். சங்கப் பெண்பாற் புலவரைப் பற்றி ஆராயும் மாணவி ஒருவர் தம் ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, மொழிபெயர்ப்புப் பொறி ஒன்றன் துணையால் ஆங்கிலமாக்கி என்னிடம் தந்தார். ஔவையார் அதியமானின் அவைக்கண் இருந்தார் என்றும், அவன்பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றார் என்றும் தமிழ் வடிவில் எழுதியிருந்தார். ஆங்கில வடிவிலோ தூது சென்றவர் ஆடவர் ஆகியிருந்தார். காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தாற் பாடிய செய்தியிலும் பாடியவர் ஆடவரே. பிரிவுத் துயரைப் பாடிய வெள்ளிவீதியார்க்கு மட்டும் பெண்பாற் சுட்டு வந்திருந்தது. பெண்பாற் புலவரைப் பற்றிய ஆய்வின் சுருக்கத்திலேயே அப்புலவருள் இருவர் ஆடவராயினர்.

இதனினும் கூறத்தக்கது ஒன்று உண்டு. யான் அச்சுருக்கத்தை முதன்முறை படித்தபோது இப்பிழையைக் காணவில்லை. ஆங்கில நடையின் பிற குறைகளைத் திருத்திக் கையொப்பமும் இட்டுவிட்டேன். மறுநாள் அம்மாணவியே வந்து அதனைச் சுட்டிக்காட்டினார். தூது, அரசவை, பரிசில் என்னும் சொற்களின் அருகே ஆண்பாற் சுட்டு நின்றபோது என் கண்ணுக்கும் அஃது இயல்பாகவே பட்டது. பொறியின் குற்றத்தை ஆராயப் புகுவோன் தன் குற்றத்தையும் உடன்வைத்தே ஆராய்தல் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன்.

தமிழில் பால் உணர்த்தும் முறை

உயர்திணைக்கண் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றும், அஃறிணைக்கண் ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டும் ஆகத் தமிழிற் பால் ஐந்து என்பது யாவரும் அறிந்ததே. படர்க்கை வினைமுற்றின் ஈறு இவற்றைப் புலப்படுத்தும். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்பவற்றில் எழுவாய் இல்லையெனினும் பால் விளங்கும். தன்மையினும் முன்னிலையினும் இப்பாகுபாடு இல்லை. 'வந்தேன்' என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. இந்தி மொழியிலோ 'வந்தேன்' என்னும் பொருளில் ஆடவர் கூறும் வடிவம் வேறு. பெண்டிர் கூறும் வடிவம் வேறு.

பலர்பாற் சொல்லை ஒருவர்க்கு வழங்கும் உயர்வுப் பன்மை தமிழில் தொன்றுதொட்டு உள்ளது. அது வழக்கினால் வந்ததேயன்றி இலக்கண நெறிப்பட்டதன்று எனத் தொல்காப்பியனார் தெளிவுறுத்துவர். அன்று சிறப்புவழக்காக இருந்த அது, இன்றைய உரைநடையிற் பொதுவழக்காகிவிட்டது. மருத்துவர், நீதிபதி, அறிவியலறிஞர், புலவர் ஆகிய எவரைப் பற்றி எழுதினும் 'அவர்' என்றும் 'வந்தார்' என்றுமே எழுதுகின்றோம். எனவே, மரியாதையின் பொருட்டுப் பால் மறைகின்றது.

தமிழ் கற்றார்க்கு இதனால் பெரிதும் இடர்ப்பாடு இல்லை. பெயரின் பகுதியே பல இடங்களிற் பாலைக் காட்டிவிடும். ஒக்கூர் மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தியார் எனச் சங்கப் புலவர் இருவர் உளர். இருவர் பெயரும் 'ஆர்' என்னும் ஈற்றான் முடிவனவே. ஆனால், சாத்தன் என்னும் பகுதி ஆண்பாலையும் சாத்தி என்னும் பகுதி பெண்பாலையும் உணர்த்தலின், முன்னவர் ஆடவர் என்றும் பின்னவர் பெண்பாலார் என்றும் அறிகின்றோம். சில பெயர்களின் பால் இன்னும் ஆராய்ச்சிக்குரியதாகவே உள்ளது. ஆண்டு ஐயத்தை ஐயமாகவே விட்டுவைக்கத் தமிழ் இடந்தருகின்றது.

ஆங்கிலத்திற் படர்க்கை ஒருமைச் சுட்டுப்பெயர் ஆண், பெண் எனப் பிரியும். பெயர்த்து எழுதுவோர் ஒன்றைத் தேர்தல் வேண்டும் என்னும் நிலை இதனாலேயே எழுகின்றது. துருக்கி மொழி, பின்லாந்து மொழி, அங்கேரி மொழி, வங்காளி ஆகியவற்றிற் படர்க்கைச் சுட்டுப்பெயர் ஆண், பெண் எனப் பிரிவதில்லை. அம்மொழிகளை ஆங்கிலமாக்குங்காலும் இந்நிலையே எழும். ஆங்கிலத்திலும் பன்மைச் சுட்டை ஒருமைக்கு வழங்கும் வழக்குப் பதினான்காம் நூற்றாண்டு முதலே உண்டு. ஆயினும் அது முறையன்று எனப் பள்ளி இலக்கணங்கள் நெடுங்காலம் விலக்கி வந்தன.

பொறி கற்கும் முறை

பொறி இலக்கண நூல் கற்று மொழிபெயர்ப்பதன்று. அளவிறந்த எழுத்தாவணங்களைப் பயின்று, எச்சொல் எச்சொல்லோடு அடுத்து வருகின்றது என்னும் வழக்கைக் கணக்கிட்டுக் கற்பது. ஒரு சொல்லின் இயல்பை அதன் அண்டைச் சொற்களால் அறியலாம் என ஆங்கில மொழியியலறிஞர் பர்த் 1957-இல் கூறிய கருத்து ஈண்டு நினைக்கத்தக்கது. அக்கருத்திற்கு இயைய, ஒவ்வொரு சொல்லையும் எண்களின் நிரலாக மாற்றும் முறை ஒன்று 2013-இல் கூகுள் நிறுவன ஆராய்ச்சியாளரால் வெளியிடப்பட்டுப் பெரிதும் பரவியது. ஒத்த சூழலில் வரும் சொற்களின் எண்ணிரல்கள் ஒன்றற்கொன்று அணிமையில் அமையும். அரசன் என்பதற்கும் ஆடவன் என்பதற்கும் உள்ள உறவே அரசி என்பதற்கும் பெண் என்பதற்கும் உள்ளது என்பதனை அவ்வெண்களைக் கூட்டியும் கழித்தும் கண்டுகொள்ளலாம்.

இங்ஙனம் கற்ற பொறி பிறிதொன்றையும் கற்றுக்கொண்டது. பாசுடன் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தாரும் இணைந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்று, செய்தித்தாட் கட்டுரைகளிலிருந்து பெற்ற எண்ணிரல்களைச் சோதித்தது. ஆடவன் என்பதற்குக் கணிப்பொறி நிரலர் எனின், பெண் என்பதற்கு யாது என வினவியபோது, இல்லம் பேணுவாள் என்பதே விடையாக வந்தது. 1843-இலேயே பொறிக்குரிய கணிப்புமுறையை எழுதி வெளியிட்டவர் ஏடா லவ்லேசு என்னும் பெண்மணியார் என்பதனை அவ்வெண்கள் அறியா.

அடுத்த ஆண்டு, 2017-இல், காலிசுகன், பிரைசன், நாராயணன் என்போர் 'சயன்ஸ்' என்னும் இதழில் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். மக்களிடத்து உளவியலார் கண்ட பல சார்பெண்ணங்கள் அவ்வெண்ணிரல்களிலும் அவ்வாறே உள்ளன என அவர்கள் காட்டினர். துருக்கி மொழியிற் பால்காட்டாச் சுட்டுப்பெயரோடு மருத்துவர் என்னும் சொல் வரின் ஆங்கிலத்தில் ஆண்பாலும், செவிலி என்னும் சொல் வரின் பெண்பாலும் மொழிபெயர்ப்பில் வருதலையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

கண்ணாடி என்னும் வாதம்

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படுவதுண்டு. பொறி ஒரு கண்ணாடி. உலகம் எவ்வாறு உளதோ அவ்வாறே காட்டுகின்றது. செவிலியருட் பெரும்பாலார் மகளிராதலின் பெண்பாலாக மொழிபெயர்த்தல் குற்றமன்று. கண்ணாடியைக் கடிந்து பயனில்லை என்பர். இவ்வாதம் முதற்பார்வையில் வலியுடையது. ஆயினும் ஆராயுமிடத்து நில்லாது. அதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, பொறி உள்ளதை உள்ளவாறு காட்டுவதன்று, மிகுத்துக் காட்டுவது. 2017-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், படங்களைக் கண்டு செயலைக் கூறும் பொறி ஒன்றைச் சோதித்தனர். பயிற்சிக்கு அளித்த படங்களில், சமைத்தற் செயலோடு பெண்டிர் வருதல் ஆடவர் வருதலினும் 33 விழுக்காட்டிற்கு மேல் மிகுதியாக இருந்தது. பயின்று தேர்ந்த பொறியோ அவ்வேறுபாட்டை 68 விழுக்காடாக்கியது. எது பெரும்பான்மையோ அதனையே கூறின் பிழை குறையும் எனப் பொறி கற்றுக்கொள்வதே இதன் காரணம். பத்துப் பேரில் எழுவர் பெண்டிர் எனின், பத்துப் பேரையும் பெண்டிர் என்று கூறுவது அதற்கு எளிதாகின்றது. பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர் மூவர், பால்காட்டாச் சுட்டுடைய பன்னிரண்டு மொழிகளிலிருந்து தொழிற்பெயர்த் தொடர்களை ஆங்கிலமாக்கிப் பார்த்தபோதும் இதனையே கண்டனர். அத்தொழில்களில் உண்மையில் உள்ள மகளிர் தொகைக்கு ஏற்பவும் மொழிபெயர்ப்பு அமையவில்லை. ஆண்பாலே மிகுந்து வந்தது.

இரண்டாவது, கண்ணாடி இன்றைய முகத்தைக் காட்டும். பொறியோ பழைய ஓவியத்தைக் காட்டுவது. பொறி பயிலும் எழுத்துகள் பல்லாண்டுகளாகத் திரண்டவை. அவற்றை எழுதியவர் யார், எவரைப் பற்றி எழுதினர், எவரை எழுதாது விட்டனர் என்னும் வினாக்கள் அவற்றினுள் மறைந்து கிடக்கின்றன.

மூன்றாவதே தலையாயது. பெரும்பான்மை என்பது கூட்டத்தின் இயல்பு; தனி ஒருவரின் இயல்பன்று. புலவருள் ஆடவரே மிகுதி என்பது மெய். ஆயினும் ஔவையார் ஆடவர் ஆதல் அதனாற் பெறப்படாது. சங்க நூல்களில் 59 பாடல்கள் அவர் பெயரால் நிற்கின்றன. அத்துணைப் பாடல்களின் ஆசிரியரை, ஏனைய புலவருட் பெரும்பாலார் ஆடவர் என்னும் காரணம் பற்றி ஆடவராக்குதல் எவ்வகையினும் பொருந்தாது.

நம் மரபும் இதற்குப் புறம்பன்று

இவ்வகை உய்த்துணர்வு தமிழ் மரபில் இல்லை எனக் கூறின் அது நடுவுநிலைமை ஆகாது. 'மக்கள்' என்பது இருபாற்கும் பொதுவாகிய சொல். போர்க்குச் சென்றனர் என்னும் வினையொடு அச்சொல் வருமிடத்து அது மகளிரை ஒழித்து ஆடவரையே உணர்த்தும் என்பது உரையாசிரியர்கள் காட்டும் விளக்கம். செயலைக் கொண்டு பாலைத் துணிதல் அன்றோ இது? பொறி செய்வதும் இதுவே எனலாம்.

ஆயினும் வேறுபாடு இரண்டு உண்டு. உரையாசிரியர் தாம் துணிந்த முறையைச் சொல்லி வைத்தனர்; இன்ன சொல் இன்ன தொழிலாற் பிரிந்தது என எழுதிக் காட்டினர். ஆகலின், பின்வந்தோர் அதனை ஏற்கவும் மறுக்கவும் இடமுண்டு. பொறியின் துணிபோ வெளிப்படையாக நிற்பதில்லை. ஆங்கிலத் தொடரைப் படிப்பவர்க்கு, மூலத்தில் 'அவர்' என்றிருந்தது என்பதோ, ஆண்பால் என்பது பொறி இட்டது என்பதோ தெரிய வழியில்லை. இரண்டாவது, நம் இலக்கணம் துணிதற்கு ஒரு விதி கூறியதோடு ஐயுறுதற்கும் ஒரு விதி கூறிற்று. அவ்விரண்டாம் விதியே பொறியினிடத்து இல்லாதது.

தொழிற்களத்தில் விளையும் கேடு

இச்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. அமேசான் நிறுவனம் வேலை விண்ணப்பங்களை மதிப்பிடும் பொறி ஒன்றை 2014 முதல் உருவாக்கி வந்தது. அப்பொறி, பத்தாண்டுகளில் அந்நிறுவனத்திற்கு வந்த விண்ணப்பங்களைப் பயின்றது. அவ்விண்ணப்பதாரருட் பெரும்பாலார் ஆடவர். ஆடவரே விரும்பத்தக்கவர் எனப் பொறி கற்றுக்கொண்டது. 'மகளிர் சதுரங்கக் கழகத் தலைவர்' என்பது போல மகளிர் என்னும் சொல் வந்த விண்ணப்பங்களின் மதிப்பை அது குறைத்தது. மகளிர் கல்லூரி இரண்டிற் பயின்றோரையும் தாழ்த்தியது. இக்குறை 2015-இல் கண்டறியப்பட்டது. சில சொற்களைத் திருத்திப் பார்த்தனர். வேறு வழியில் அது மீண்டும் நுழையாது என்னும் உறுதி கிட்டவில்லை. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்திற்குள் அம்முயற்சி கைவிடப்பட்டது என ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்டது. அப்பொறியைக் கொண்டு விண்ணப்பதாரரை மதிப்பிட்டதில்லை என்பது அந்நிறுவனத்தார் கூற்று.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், விண்ணப்பத்தில் ஆண் பெண் என்னும் குறிப்பைப் பொறிக்குத் தருதல் வேண்டும் என்பதில்லை. ஒரு சொல்லின் அருகே மற்றொரு சொல் வருதல் ஒன்றே போதும். அரசவை, தூது என்னும் சொற்களின் அருகே ஔவையார் ஆடவரானதும், மகளிர் கழகம் என்னும் சொல்லின் அருகே விண்ணப்பதாரர் தகுதி குறைந்ததும் ஒரே வினையின் இருவேறு விளைவுகளாம்.

பொறியைச் செய்வோருள்ளும் மகளிர் தொகை குறைவே. செயற்கை நுண்ணறிவுத் துறையிற் பணிபுரிவோருள் மகளிர் 22 விழுக்காட்டினரே என உலகப் பொருளாதார மன்றம் 2018-இல் கூறியது. தொடக்கத்தில் நிலைமை இங்ஙனம் இருந்ததன்று. கணக்கிடுவோரைக் குறித்த ஆங்கிலத் தொழிற்பெயரே பின்னர்ப் பொறிக்கு ஆயிற்று; அத்தொழிலில் மகளிர் பலர் இருந்தனர். 1946-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகிற்கு அறிவிக்கப்பட்ட எனியாக் என்னும் பொறிக்கு நிரல் வகுத்தோர் மகளிர் அறுவர். அறிவிப்பு விழாவில் அவர்கள் புகழ் பேசப்படவில்லை. ஒரு சொல் எத்துணை ஆவணங்களில் அரிதாக வருகின்றதோ அத்துணை அதற்குத் தேடலில் மதிப்பு மிகும் என்னும் கொள்கையை 1972-இல் நிறுவியவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார். இன்றைய தேடுபொறிகளின் வளர்ச்சிக்கு அக்கொள்கை ஓர் அடிப்படை. சங்கப் புலவர்க்கு நேர்ந்ததே இவர்க்கும் நேர்ந்தது என்னலாம். செயல் நின்றது, செய்தவர் பால் மறைந்தது.

திருத்த முயற்சிகள்

இக்குறையைத் துறையினர் அறியாமல் இல்லை. 2018 டிசம்பரில் கூகுள் நிறுவனம், துருக்கி மொழியிலிருந்து ஆங்கிலமாக்கும் சில தொடர்கட்கு ஆண்பால் வடிவம், பெண்பால் வடிவம் இரண்டனையும் ஒருங்கே காட்டும் முறையைக் கொண்டுவந்தது. ஐயத்திற்கு இடம் தந்த முயற்சியாதலின் இது பாராட்டற்குரியது. ஆயினும் ஓரிரு சொற்கொண்ட தொடர்க்கு இயலுவது பல பத்திகள் கொண்ட கட்டுரைக்கு எளிதில் இயல்வதன்று. பொறி தானே எழுதும் புதிய முறைகளிலும் குறை முற்றும் நீங்கவில்லை. யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய பொறி ஒன்று பெண்டிரை வீட்டுத் தொழில்களோடு இணைத்து எழுதுதல், ஆடவரை இணைத்து எழுதுதலினும் நான்கு மடங்கு மிகுதி எனக் காட்டியது.

தமிழ்த்துறையார் செய்யக் கூடுவன சில உள. ஆய்வுச் சுருக்கத்தையும் கட்டுரையையும் பொறியால் ஆங்கிலமாக்குவோர், உயர்வுப் பன்மை வந்த இடந்தோறும் சுட்டுப்பெயரை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். புலவர் பெயரகராதிகளைக் கணிப்பொறிக்கு ஏற்ப அமைக்குங்கால், ஆடவர், பெண்பாலார், துணியப்படாதவர் என மூன்று பகுப்பு வைத்தல் நலம். மூன்றாம் பகுப்பை ஒழித்துவிடின் பொறி தானாகவே அவரை முதற்பகுப்பிற் சேர்த்துவிடும். பால் தெரியாதவிடத்து ஆங்கிலத்திற் பன்மைச் சுட்டை வழங்கத் தயங்க வேண்டுவதில்லை. தொல்காப்பியனார் தமிழுக்கு வகுத்த நெறிக்கு அது மாறுபட்டதன்று. தமிழ் நூல்களைத் திரட்டிப் பொறிக்குப் பயிற்சி அளிப்போர், எவர் எழுத்து மிகுந்தது, எவர் எழுத்து விடுபட்டது என்பதனையும் உடன் பதிதல் வேண்டும். இப்பணிக்குக் கணிப்பொறியறிவு மட்டும் போதாது. சாத்தனாரையும் சாத்தியாரையும் வேறுபடுத்தி அறிவார் துணை வேண்டும்.

முடிவுரை

பொறி பெரும்பான்மை வழக்கைக் கற்று, அதனைத் தனியொருவர்மேல் ஏற்றித் துணிகின்றது. அத்துணிவு மொழிபெயர்ப்பிற் பாலை மாற்றுகின்றது. தொழிற்களத்தில் தகுதியைக் குறைக்கின்றது. தமிழ் தன் உயர்வுப் பன்மையாற் பாலை மறைக்கும் மொழியாதலின், பிறமொழிக்குப் பெயருங்கால் இக்கேட்டிற்கு எளிதில் ஆளாகின்றது. ஐயம் நிகழ்ந்தவழிப் பன்மையாற் கூறுக என்னும் பழைய விதி, இக்காலப் பொறிக்கும் அதனைக் கையாள்வார்க்கும் வேண்டப்படுவதொன்றாம். முற்கூறிய மாணவியின் ஆய்வுச் சுருக்கம் திருத்தமுற்று மீண்டும் என் கையொப்பத்திற்கு வந்தது. இம்முறை ஒவ்வொரு சுட்டுப்பெயரையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்த பின்னரே ஒப்பமிட்டேன். ஔவையார் பெண்பாலாராகவே தூது சென்றிருந்தார்.